பயிற்சி அட்டவணையில் விடுபட்ட கட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பகுதியில் சில வாரங்களுக்கு முன் தசைப்பயிற்சி குறித்து வெளிவந்த கட்டுரையையும், அதை மறுத்து ஒரு வாசகர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். கனமான எடையைச் சில தடவைகள் மட்டும் தூக்குவதுதான் பயிற்சி, மற்றதெல்லாம் வீண் வியர்வை என்கிறார் கட்டுரையாளர். கனமான எடை மூட்டுகளைக் கெடுத்துவிடும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும், இலகுவான எடையை நிறையத் தடவை தூக்குவதே எல்லோருக்கும் பொருந்தும் என்கிறார் கடிதம் எழுதியவர். இருவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கட்டுரையோடு அச்சாகியிருந்த அட்டவணையைப் பார்த்தபோதுதான் எனக்கு எழுதத் தோன்றியது. பயிற்சியின் பெயர், எத்தனை செட் (நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று), ஒரு செட்டுக்கு எத்தனை தடவை என்று அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. எவ்வளவு எடை என்பதற்கும், ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஓய்வு என்பதற்கும் இடமே இல்லை. ஒரு பயிற்சி தசைக்கு வலிமையைத் தருமா தாங்குதிறனைத் தருமா என்பதை முடிவு செய்வதில் பெரும்பங்கு வகிப்பவை அந்த இரண்டும்தான்.

நான் மருத்துவனும் அல்லன், பயிற்சியாளனும் அல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எடைப்பயிற்சி செய்து வருபவன். செய்ததை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன். அந்தப் பழக்கம்தான் என் தவறுகளை எனக்குக் காட்டியது.

முதல் பத்தாண்டுகள் நானும் கட்டுரையாளரின் கட்சிதான். ஐந்து தடவைக்கு மேல் தூக்க முடிகிற எடை எனக்கு எடையாகவே தோன்றாது. டெட்லிஃப்ட்டில் என் உடல் எடையைப் போல் ஒன்றரை மடங்கைத் தரையிலிருந்து எடுத்து நிறுத்துவேன். அந்தக் காலத்தில்தான் என் மாமனார் படுத்த படுக்கையானார். அவரைப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது என் பொறுப்பு. அறுபது கிலோகூட இல்லாத மனிதர், அதில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. சிரமம் வேறோர் இடத்தில் வந்தது. விரிப்பை மாற்றுவதற்காக அவரை ஒரு பக்கமாகத் திருப்பி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும்; என் மனைவி பழைய விரிப்பைச் சுருட்டி, முதுகைத் துடைத்து, புதியதை விரித்து முடிக்கும்வரை மூன்று நிமிடமாவது ஆகும். ஒரு நிமிடம் தாண்டுவதற்குள் என் முன்கைகள் எரியத் தொடங்கும், பிறகு நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கம் அவருக்கும் தெரிந்துவிடும். “மாப்பிள்ளை, கை வலிக்குதா? கொஞ்ச நேரம் விட்டுடுங்க” என்பார். நூறு கிலோவுக்கு மேல் தூக்குகிற கை, அதில் கால் பங்கு பாரத்தை மூன்று நிமிடம் தாங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வாரங்கள் ஆயின.

அங்கே நடந்தது இன்னதென்று பின்னால்தான் புரிந்தது. தசை சுருங்கும்போது தன் உள்ளே ஓடும் ரத்தக் குழாய்களையும் சேர்த்தே நெரிக்கிறது. சுருக்கம் வலுவாக இருக்க இருக்க, ரத்தம் உள்ளே வருவதும் கழிவு வெளியேறுவதும் குறைகின்றன. ஜெர்மானிய ஆய்வாளர் ரோமர்ட் 1960-இல் இதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார்: ஒருவர் தன் முழு வலிமையில் பாதியைச் செலவிட்டு ஒரு பாரத்தை அசையாமல் பிடித்தால் ஏறத்தாழ ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கலாம், ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செலவிட்டால் மிக நீண்ட நேரம் பிடிக்கலாம். தசைக்குத் தசை இந்தக் கணக்கு மாறும் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டினாலும், கோட்டின் போக்கு மாறவில்லை. ஆகவே ஒரு பாரத்தைத் தாங்கும் நேரத்தைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வலிமையைக் கூட்டுவது. நாற்பது கிலோ வலிமை உள்ளவருக்கு இருபது கிலோ என்பது பாதி, அவரே அறுபது கிலோ வலிமை பெற்றுவிட்டால் அதே இருபது கிலோ மூன்றில் ஒரு பங்குதான். மற்றொன்று, தசைக்குள் நுண்ரத்தக் குழாய்களையும் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் பெருக்கிக்கொள்வது. அதற்கு நிறையத் தடவை, நீண்ட நேரம், குறைந்த ஓய்வில் வேலை கொடுப்பது பெரிதும் உதவும். நான் முதல் வழியில் மட்டுமே நடந்தேன். அதிலும், இடுப்பும் தொடையும் வலிமை பெற்ற அளவுக்கு முன்கைகள் பெறவில்லை. கனமான டெட்லிஃப்ட் செய்யும்போது பிடி நழுவாமல் இருக்கப் பட்டையைச் சுற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது. பட்டை என் கைகளுக்கு வர வேண்டிய பயிற்சியைப் பத்தாண்டுகளாக வாங்கிக்கொண்டிருந்தது.

இந்த வேறுபாடு புதிதாகக் கண்டறியப்பட்ட ஒன்றல்ல. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், 1945-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கனமான எடையும் குறைந்த தடவைகளும் வலிமையை வளர்க்கும், இலகுவான எடையும் நிறையத் தடவைகளும் தாங்குதிறனை வளர்க்கும், ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. கடைசி வரியை அவர் கொஞ்சம் அழுத்தியே சொல்லிவிட்டார் என்று இன்று நாம் கூறலாம். 1982-இல் ஆண்டர்சன், கியர்னி என்ற இருவர் கல்லூரி மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து ஒன்பது வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். முதல் குழு ஒரு செட்டுக்கு 6 முதல் 8 தடவை, இரண்டாவது 30 முதல் 40, மூன்றாவது 100 முதல் 150. வலிமை முதல் குழுவுக்கு 20 சதவீதமும், மற்ற இரண்டுக்கும் முறையே 8, 5 சதவீதமும் கூடியது. கவனிக்க வேண்டியது அடுத்த முடிவு. எல்லோருக்கும் முன்பு தூக்கிய அதே எடையைக் கொடுத்தபோது மூன்று குழுவினருமே முன்பைவிட அதிகத் தடவை தூக்கினார்கள். ஆனால் அவரவரின் புதிய வலிமைக்கு ஏற்ற விகிதத்தில் எடையைக் கொடுத்தபோது, கனமாகத் தூக்கிய குழு மட்டும் முன்னேறவில்லை, சற்றுப் பின்தங்கியது. மறுப்புக் கடிதம் எழுதிய வாசகர் முதல் சோதனையைப் பார்க்கத் தவறிவிட்டார், கட்டுரையாளர் இரண்டாவதைப் பார்க்கத் தவறிவிட்டார்.

ஓய்வைப் பற்றிய என் புகாருக்கு வருகிறேன். 2002-இல் காம்போஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் பயிற்சிக்குப் புதிய ஆண்களைக் கொண்டு எட்டு வாரங்கள் நடத்திய ஆய்வில் எடையோடு ஓய்வையும் மாற்றியமைத்தார்கள். 3 முதல் 5 தடவை தூக்கியவர்களுக்கு செட்டுகளுக்கு இடையே 3 நிமிடம், 9 முதல் 11 தடவை தூக்கியவர்களுக்கு 2 நிமிடம், 20 முதல் 28 தடவை தூக்கியவர்களுக்கு 1 நிமிடம். வலிமையில் முதல் குழுவும், தொடர்ந்து பல தடவை தூக்குவதில் கடைசிக் குழுவும் முன்னின்றன. ஓய்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கனமான எடையைத் தூக்கும் முதல் சில வினாடிகளுக்குத் தசை தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் பாஸ்போகிரியாட்டின் என்ற கையிருப்பைத்தான் செலவு செய்கிறது. அது பத்து வினாடி அளவில் பெருமளவு தீர்ந்துவிடும். பாதியளவு மீள அரை நிமிடமும், ஏறத்தாழ முழுவதும் மீள மூன்று நிமிடமோ அதற்குச் சற்று மேலோ தேவைப்படும். மூன்று நிமிடம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சோம்பேறி என்று சிரிக்கிறோம். வலிமைக்காகப் பயிற்சி செய்பவருக்கு அந்த மூன்று நிமிடமும் பயிற்சியின் ஒரு பகுதிதான். தாங்குதிறனுக்காகப் பயிற்சி செய்பவருக்கோ, கையிருப்பு மீளாமலேயே அடுத்த செட்டைத் தொடங்குவதுதான் பயிற்சி. ஸ்குவாட் எனப்படும் உட்கார்ந்து எழும் அதே பயிற்சியை, அதே பன்னிரண்டு தடவை, ஒருவர் தசை திணறும் எடையோடு மூன்று நிமிட இடைவெளியில் செய்தால் ஒரு பலன். இன்னொருவர் வெறும் உடல் எடையோடு முப்பது வினாடி இடைவெளியில் செய்தால் வேறொரு பலன். அட்டவணையில் இரண்டும் “3 செட், 12 தடவை” என்றே அச்சாகும்.

இதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். மாமனாரின் படுக்கை அருகே கற்ற பாடத்துக்குப் பிறகு, தாங்குதிறனும் வேண்டும் என்று நான் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். அங்கிருந்த பயிற்சியாளர் நல்ல மனிதர், ஆனால் எல்லோருக்கும் ஒரே மருந்துதான் வைத்திருந்தார்: நடுத்தர எடை, பதினைந்து தடவை, முப்பது வினாடி ஓய்வு, ஒரு பயிற்சியிலிருந்து அடுத்த பயிற்சிக்கு ஓட்டம். “இதுல ஸ்ட்ரென்த்தும் வரும், ஸ்டாமினாவும் வரும் சார்” என்பார். வாரம் ஆறு நாள் செய்தேன். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும், அதனால் ஏதோ நடக்கிறது என்ற நம்பிக்கையும் இருந்தது. பதினொரு மாதம் கழித்து நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோது, தொடக்கத்தில் எழுதிய எடைதான் கடைசிப் பக்கத்திலும் இருந்தது; தடவையும் அதே பதினைந்து. டெட்லிஃப்ட்டில் இருபது கிலோ குறைந்திருந்தது. முதல் இரண்டு மாதத்தில் மூச்சிரைப்பு குறைந்ததைத் தவிர வேறு முன்னேற்றம் இல்லை. வலிமைக்குப் போதாத எடை, தாங்குதிறனுக்கு எட்டாத எண்ணிக்கை, எதிலிருந்தும் மீள விடாத ஆறு நாள். இரண்டுங்கெட்டான் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. சமநிலை என்றால் இரண்டையும் கலந்து நடுவில் நிற்பது என்று நானும் நம்பினேன், அவரும் நம்பினார். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எந்த முறையும் சில மாதங்கள் பலன் தரும் என்பதால் இந்தத் தவறு எளிதில் வெளியே தெரிவதில்லை.

இரண்டையும் ஒரே காலத்தில் வளர்க்க முயன்றால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும் என்ற அச்சம் எடைப்பயிற்சி செய்பவர்களிடையே வெகுகாலமாக இருக்கிறது. தங்கள் கட்டுரையாளரும் அதையே வேறு சொற்களில் எழுதியிருந்தார். இதன் மூலம் ராபர்ட் ஹிக்சன் 1980-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு குழு வாரம் ஐந்து நாள் எடை தூக்கியது, ஒரு குழு வாரம் ஆறு நாள் ஓடியும் சைக்கிள் மிதித்தும் பயிற்சி செய்தது, மூன்றாவது குழு இரண்டையும் செய்தது. பத்து வாரங்களில் மூன்றாவது குழுவின் வலிமை ஏழு வாரம்வரை ஏறி, பிறகு தேங்கி, கடைசி இரண்டு வாரங்களில் இறங்கியது. இதைச் சொல்பவர்கள் இரண்டு விவரங்களை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அந்த மூன்றாவது குழுவின் வாரத்தில் பதினொரு பயிற்சிகள் இருந்தன, அவையும் கடுமையானவை. எந்த உடலும் அதில் தடுமாறும். மற்றொன்று, ஹிக்சன் சோதித்தது இதயமும் நுரையீரலும் சார்ந்த தாங்குதிறனை. ஒரு குறிப்பிட்ட தசை ஒரு வேலையைத் தொடர்ந்து செய்யும் திறன் வேறு. ஓட்டத்தில் சளைக்காதவரின் கைகள் சுவருக்கு வண்ணம் பூசும்போது பத்து நிமிடத்தில் சளைத்துவிடும். 2022-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஷூமானும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இரண்டையும் சேர்த்துச் செய்வதால் தசையின் பருமனோ உச்ச வலிமையோ குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படுவதில்லை. பாய்ந்து குதிப்பது போன்ற வெடிப்பு வலிமை மட்டும் சற்றுக் குறையலாம், அதுவும் முக்கியமாக இரண்டையும் ஒரே வேளையில் செய்தால். போட்டிக்குப் போகாத நம்மைப் போன்றோர் இதற்கு அஞ்சத் தேவையில்லை.

அப்படியானால் எப்படித்தான் பிரித்துக்கொள்வது? என் வாரம் இப்போது மூன்று பயிற்சி நாட்களைக் கொண்டது. இது எனக்குப் பொருந்திய ஏற்பாடு மட்டுமே என்ற எச்சரிக்கையோடு எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் உடல் சூடேறியதும், களைப்பு எட்டிப் பார்க்கும் முன், இரண்டே இரண்டு பெரிய பயிற்சிகள்: ஒரு நாள் ஸ்குவாட்டும் பெஞ்ச் பிரஸ்ஸும் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது), மறுநாள் டெட்லிஃப்ட்டும் தலைக்கு மேல் தூக்குவதும் என்பதுபோல. ஐந்து அல்லது ஆறு தடவை தூக்கும் எடை, மூன்று நான்கு செட், இடையே முழு மூன்று நிமிடம். இன்னும் இரண்டு தடவை தூக்க முடியும் என்று தோன்றும்போதே பார்பெல்லை வைத்துவிடுகிறேன். அந்த இரண்டையும் பிடுங்கியெடுத்தால் அடுத்த பயிற்சிக்குள் உடல் மீள்வதில்லை என்பது என் நோட்டு சொல்லும் செய்தி. அதன் பிறகு தாங்குதிறன் வேலை. உச்ச வலிமையில் பாதியளவு எடையில் இருபது முதல் முப்பது தடவை, செட்டுக்கு இடையே ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஓய்வு; அதோடு தண்டால், பிளாங்க் (முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கி நிற்பது), இரண்டு கைகளிலும் டம்பெல்லைத் தொங்கவிட்டபடி நடப்பது. பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வரிசையை மாற்றித் தாங்குதிறனை முதலில் செய்தால் கனமான ஸ்குவாட்டில் முதுகு வளையத் தொடங்குகிறது. களைத்த தசையோடு கனமான எடைக்கு அடியில் போய் நிற்பது வீரம் அல்ல, விபரீதம்.

இரண்டுக்கும் எடையை ஏற்றும் முறையும் ஒன்றல்ல. வலிமைப் பகுதியில், குறித்த தடவைகள் மூன்று செட்டிலும் சுத்தமாக முடிந்தால் அடுத்த வாரம் சிறிதளவு எடை கூடும். தாங்குதிறன் பகுதியில் எடையைத் தொடாமல் முதலில் தடவைகளைக் கூட்டுவேன், பிறகு ஓய்வைக் குறைப்பேன், கடைசியில்தான் எடை. ஆகவே என் நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு சோதனைகள் செய்துகொள்கிறேன்: ஐந்து தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடை எது, அதில் பாதியை நிறுத்தாமல் எத்தனை தடவை தூக்க முடிகிறது. ஒரு எண் ஏறி மற்றொன்று ஆறு வாரம் அசையாமல் நின்றால், அடுத்த ஆறு வாரம் நின்றுபோன பக்கத்துக்கு ஒரு செட் கூடுதலாகப் போகும். ஏறிய பக்கத்தை அப்படியே காப்பாற்றிக்கொள்ளப் பாதி வேலை போதும் என்பது என் அனுபவம். எடையை மட்டும் குறைத்துவிடக் கூடாது.

தசையின் பருமன் பற்றி வாசகர்கள் பலர் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக ஒரு வார்த்தை. 2015-இல் ஷோன்ஃபெல்டும் குழுவினரும் ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஆண்களிடம், 8 முதல் 12 தடவையையும் 25 முதல் 35 தடவையையும் எட்டு வாரம் ஒப்பிட்டார்கள். எல்லா செட்டும் இனி ஒருமுறைகூடத் தூக்க முடியாது என்ற நிலைவரை போனது. தசையின் வளர்ச்சி இரு குழுக்களுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஸ்குவாட் வலிமை கனமாகத் தூக்கியவர்களுக்கும், பெஞ்ச் பிரஸ்ஸில் தாங்குதிறன் இலகுவாகத் தூக்கியவர்களுக்கும் கூடுதலாக வளர்ந்தது. கண்ணாடியில் தெரியும் கை, அது எதைச் செய்யும் என்பதைச் சொல்வதில்லை.

மறுப்புக் கடிதத்தில் மூட்டைப் பற்றிய கவலையைவிட எனக்கு நியாயமாகத் தோன்றுவது ரத்த அழுத்தம் பற்றிய கவலை. நம்மில் பலர் கனமான எடையைத் தூக்கும்போது தம் கட்டிக்கொள்கிறோம். 1985-இல் மெக்டூகலும் குழுவினரும் உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள்ளேயே கருவியைச் செலுத்தி அளந்தபோது, இரண்டு கால்களாலும் கனமான எடையை உந்தும் பயிற்சியில் அழுத்தம் சராசரியாக 320/250 என்ற உச்சத்தைத் தொட்டது; ஒருவருக்கு 480-ஐயும் தாண்டியது. ஆரோக்கியமான இளைஞர்களின் உடல் இதைச் சில வினாடிகள் தாங்கிக்கொள்கிறது. ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வரக் கூடாது. ஆனால் இலகுவான எடை என்றால் ஆபத்தில்லை என்று அந்த வாசகர் நினைப்பது சரியல்ல. இலகுவான எடையையும் தம் கட்டியபடி கடைசி மூச்சுவரை தூக்கினால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். தூக்கும்போது மூச்சை விட்டு, இறக்கும்போது இழுத்து, திணறும் நிலைக்கு முன்பே நிறுத்துவது இரண்டு வகைப் பயிற்சிக்கும் பொது விதி.

தாங்குதிறன் பக்கத்தில் இன்னொரு ஆபத்து பேசப்படுவதே இல்லை. ‘ஒரே நாளில் முந்நூறு ஸ்குவாட்’ போன்ற சவால்களைப் பழக்கமில்லாதவர்கள் ஏற்றுக்கொள்ளும்போது, தசை இழைகள் பெருமளவில் சிதைந்து அவற்றின் உட்பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். ராப்டோமயோலிசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதுதான். எடையே இல்லாத பயிற்சிதானே என்று அசட்டையாக இருப்பவர்களுக்கும் இது வரலாம். அடுத்த ஓரிரு நாளில் தசை கடுமையாக வீங்கி வலித்து, சிறுநீர் பழுப்பு நிறமாகப் போனால், அது உடல்வலி என்று படுத்துக்கொள்ளும் நேரம் அல்ல, மருத்துவமனைக்கு விரையும் நேரம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருபவர்களுக்கும் இது பொருந்தும். பழைய எண்ணிக்கை நினைவில் இருக்கும், தசையில் இருக்காது.

முதியவர்களை இரண்டு பக்கத்தாரும் மறந்துவிட்டார்கள். கனமான பயிற்சி இளைஞர்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தை 1990-இல் ஃபியாட்டரோனும் குழுவினரும் உடைத்தார்கள்: 86 முதல் 96 வயதுவரையிலான பத்துப் பேர் தங்கள் உச்ச வலிமையில் ஏறத்தாழ 80 சதவீத எடையோடு எட்டு வாரம் பயிற்சியில் இறங்கினார்கள், அதை முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தரையிலிருந்து எழுவதற்கும், தடுமாறும்போது காலை ஊன்றி நிற்பதற்கும் தேவைப்படுவது அந்த வலிமைதான். அதே சமயம் முதுகு வேறு கதை சொல்கிறது. 1984-இல் பியரிங் சோரன்சன் வெளியிட்ட ஆய்வில், இடுப்புக்கு மேலுள்ள உடலை மேசைக்கு வெளியே நீட்டியபடி குப்புறப் படுத்து, அதைக் கிடைமட்டமாக நெடுநேரம் தாங்க முடிந்த ஆண்களுக்குப் பின்னாளில் முதன்முறையாக முதுகுவலி வருவது குறைவாக இருந்தது. முதுகுத் தசை எவ்வளவு தூக்கும் என்பதைவிட எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே அங்கே முக்கியமாகத் தெரிந்தது. நாள் முழுவதும் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வாரம் இரண்டு நாளாவது வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. 65 வயது கடந்தவர்களுக்கு உடற்சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி வாரம் மூன்று நாள். நடைப்பயிற்சி செய்கிறேனே, அது போதாதா என்று கேட்பவர்கள் அந்த இரண்டாவது பாதியைத்தான் படிக்காமல் விடுகிறார்கள்.

அவர் படுக்கை அருகே நான் அந்தப் பாடத்தைக் கற்ற பிறகு என் மாமனார் ஒன்றரை ஆண்டுகள் இருந்தார். இரண்டாவது ஆண்டில் விரிப்பு மாற்றும்போது என் கை நடுங்கியதில்லை என்று சொல்ல ஆசைதான். நடுங்கியது, ஆனால் விரிப்பு முடிந்த பிறகு.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. இனி உடற்பயிற்சி அட்டவணை வெளியிடும்போது மூன்று கட்டங்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்து அச்சிடுங்கள். எடை என்ற கட்டத்தில் கிலோவை எழுத வேண்டாம், அது ஆளுக்கு ஆள் மாறும். “எட்டுத் தடவைக்கு மேல் தூக்க முடியாத எடை”, “முப்பது தடவை தூக்கக்கூடிய எடை” என்று எழுதினால் படிப்பவர் தன் அளவைத் தானே கண்டுகொள்வார். ஓய்வு என்ற கட்டத்தில் வினாடிக் கணக்கு போதும். பக்கத்தில் இடமில்லை என்றால், கட்டுரையின் நடுவே அச்சாகியிருந்த அந்தப் புஜபல வீரரின் படத்தைச் சற்றுச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்